மனைவியின் பெயரும் மறுநுழைவுச் சீட்டும்

கடல்கடந்து பொருள் தேடச் செல்லும் ஆடவன் தன் மனைவியை உடன் அழைத்துச் செல்வது வழக்கமன்று என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் மரபு. பட்டினப்பாலையின் தலைவனோ, செல்வம் கொழிக்கும் காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் மனைவியைப் பிரிந்து வர இயலாது என்று நெஞ்சை நோக்கி மறுத்துவிடுகிறான். பிரிந்து சென்று பொருளீட்டுதல் ஒன்று. பொருளே வேண்டா என்று உடன் தங்குதல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மலாயாத் தமிழர் வாழ்வு நெடுங்காலம் ஊசலாடியது.

பழந்தமிழ்த் தலைவன் இவ்வழக்கைத் தன் நெஞ்சோடு பேசித் தானே முடிவு செய்தான். மலாயாவுக்கு வந்த தமிழனுக்கும் ஒரு காலத்தில் அவ்வுரிமை இருந்தது. 1953-ஆம் ஆண்டுக்குப் பின்னரோ அம்முடிவு குடிநுழைவு இலாகாவின் மேசைக்குச் சென்றது. மனைவி எங்கே வாழ்கிறாள், எத்தனை ஆண்டு வெளியே இருந்தாள், சீட்டு எப்போது முடிகிறது என்னும் கேள்விகள் குடும்பத்தின் எதிர்காலத்தை அறுதியிடத் தொடங்கின. மலாயா இந்தியர் தங்கிவாழும் மக்களாக மாறிய வரலாற்றில் இச்சிறு சீட்டுக்கு உள்ள பங்கு பெரிது. ஆயினும் அது பேசப்பட்டது குறைவு.

கங்காணி காலம்

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த முறைகளில் முதலில் ஓங்கி நின்றது ஒப்பந்த முறை. அம்முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதனினும் செல்வாக்குப் பெற்றது கங்காணி முறை. கங்காணி தன் ஊருக்கே சென்று, உற்றாரையும் ஊராரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிக் கொணர்ந்தான். 1907-இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதி கப்பற்செலவை ஏற்றுக்கொண்டது. பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்காமிலோ கரையேறியவர்கள் நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் தங்கிப் பின்னர்த் தோட்டங்களுக்குச் சென்றனர்.

அக்காலத்தில் இந்தியத் தொழிலாளி பிரிட்டிஷ் குடிமகன். மலாயாவும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. ஆகவே போகவும் வரவும் அவனுக்குப் பெருந்தடை இல்லை. மூன்றாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புவான். தங்கைக்கு மணம் முடிப்பான், கடனை அடைப்பான், ஓராண்டு கழித்து மீண்டும் கப்பலேறுவான். மனைவி வரவேண்டுமென்றால் வந்தாள், வேண்டாமென்றால் ஊரிலிருந்தாள். அவள் பிரிந்திருந்த ஆண்டுகளை யாரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை.

ஆயினும் வந்த பெண்கள் குறைவு. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஐந்நூறு பேர்கூட இல்லை. இதற்குக் காரணங்கள் பல. தோட்டத்து லயம் குடும்பம் நடத்தத் தக்க இடமாகக் கட்டப்பட்டதன்று. கூலியோ சிறிது. ஊரில் இருந்த காணித் துண்டையும் வயது முதிர்ந்த மாமன் மாமியையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டியிருந்தது. கணவன் அனுப்பும் பணம் இவற்றையெல்லாம் தாங்கியது. ஒரு குடும்பம், இரு கரைகள். ஒரு கரையில் உழைப்பு, மறு கரையில் அடுப்பு. இஃது அன்பின்மையால் அமைந்த வாழ்வன்று. கணக்கால் அமைந்த வாழ்வு.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடின

1930-ஆம் ஆண்டையொட்டி எழுந்த உலகப் பொருளாதார மந்தம் இரப்பர் விலையைச் சரித்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே காலத்தில் சீனக் குடியேற்றத்துக்கு வரம்பு கட்டும் சட்டங்கள் வந்தன. 1933-இல் அந்நியர் சட்டம் பிறந்தது. முதலில் ஆண்களின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியதால், அடுத்த சில ஆண்டுகளில் சீனப் பெண்கள் பெருந்தொகையினராக வந்து சேர்ந்தனர். 1938-இல் பெண்களுக்கும் வரம்பு வந்தது. பெண் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் குடியிருப்பு நிலைபெறும் என்பதற்கு அவ்வைந்தாறு ஆண்டுகளே சான்றாயின.

அந்நியர் சட்டம் பிரிட்டிஷ் குடிமக்களாகிய இந்தியரைத் தொடவில்லை. அவர்களுக்கு வந்த தடை மறு கரையிலிருந்து வந்தது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து சென்றார். அதன் பின்னும் கூலித் தகராறு தீரவில்லை. தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்படவே, 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுச் செல்லும் கைத்திறனற்ற தொழிலாளர் மலாயாவுக்குக் கப்பலேறுவதைத் தடை செய்தது. தொழிலாளியின் மானங் காக்க எழுந்த தடை அது. எனினும் இரு கரைக்கும் இடையே இருந்த இயல்பான போக்குவரத்து அன்றே தளர்ந்தது.

அதன் மேல் போர் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுகள் பயணிகள் கப்பலும் இல்லை, பணமும் இல்லை. சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்த மனைவியர், தாம் சுமங்கலியோ கைம்பெண்ணோ என்றே அறியாமல் நாள் கழித்தனர். இரு கரைக் குடும்பம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைப் போர் காட்டிவிட்டது.

சீட்டு பிறந்தது

போருக்குப் பின் மலாயாவின் அரசியல் புதுவடிவம் கொண்டது. 1948-இல் மலாயாக் கூட்டரசு அமைந்தது. குடியுரிமை என்னும் சொல் மக்கள் வாழ்வில் நுழைந்தது. இந்தியா அதற்கு முந்திய ஆண்டே விடுதலை பெற்றிருந்தது. 1952-இல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்குத் தேவையான திறன் உடையவரும், ஏற்கெனவே இங்கு வாழ்வோரின் குடும்பத்தாருமே இனிப் புதிதாக நுழையலாம் என்பது அதன் சாரம். தோட்ட வேலை தேடி வரும் புதிய தொழிலாளிக்குக் கதவு அடைபட்டது.

இங்கேயே வாழ்ந்தவன் ஊருக்குச் சென்று திரும்பவேண்டுமாயின் அவனுக்கு மறுநுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் வாயில் அது ‘ரீஎன்ட்ரி பெர்மிட்’ ஆயிற்று. பின்னர் வெறும் ‘பெர்மிட்’ என்றே வழங்கியது. அதற்குக் கால எல்லை உண்டு. எல்லை கடந்து துறைமுகத்தில் வந்து நிற்பவன், முப்பதாண்டு இந்நாட்டில் பால்மரம் சீவியவனாயினும் சட்டத்தின் முன் புதியவனே.

மனைவியின் நிலை இதனினும் நுட்பமானது. கணவனின் சீட்டிலே மனைவி மக்களின் பெயரைச் சேர்த்தெழுதும் முறை இச்சட்டங்களில் இடம்பெற்றது. அவள் பெயர் அவன் தாளில் ஒரு வரி. விண்ணப்பிக்க வேண்டியவன் அவன். முடிவு செய்ய வேண்டியவர் இக்கரையில் இருந்த குடிநுழைவு அதிகாரி. அம்முடிவால் வாழ்வு மாற இருந்தவளோ அக்கரையில் ஒரு சிற்றூரில் இருந்தாள். அவளுக்கெனத் தனியே வாதாட இடம் குறைவு.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் வேலை செய்யும் ஒருவன் மனைவியை ஊரில் விட்டிருக்கிறான் என்று கொள்க. அவன் ஆண்டுதோறும் பால் வெட்டுகிறான், சேமநிதிக்குப் பணம் கட்டுகிறான், தொழிற்சங்கத்தில் சேர்கிறான். ஒவ்வோராண்டும் இந்நாட்டில் அவன் உரிமை ஒரு படி உயர்கிறது. அதே ஆண்டுகளில் அவன் மனைவி அவன் பெற்றோரைப் பேணுகிறாள், பிள்ளைகளை வளர்க்கிறாள், அவன் அனுப்பிய பணத்தில் கடனை அடைக்கிறாள். ஒவ்வோராண்டும் இந்நாட்டுக்கு வரும் அவள் உரிமை ஒரு படி இறங்குகிறது. இருவரும் ஒரே குடும்பத்துக்காகவே உழைத்தனர். சட்டமோ அவன் இருந்த ஆண்டுகளைக் கூட்டிற்று. அவள் இல்லாத ஆண்டுகளைக் கழித்தது.

ஐந்து ஆண்டும் ஆறு வயதும்

இக்கழித்தல் கணக்கு 1959-இல் வெளிப்படையான எண்ணாக எழுதப்பட்டது. அவ்வாண்டின் குடிநுழைவுச் சட்ட மாற்றம் இரு விதிகளைக் கொணர்ந்தது. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டு கணவனைப் பிரிந்து வெளிநாட்டில் வாழ்ந்த மனைவி இனி நுழைய முடியாது என்பது ஒன்று. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளும் நுழைய முடியாது என்பது மற்றொன்று.

முதல் விதியை நுணுகி நோக்க வேண்டும். சட்டம் 1959-இல் எழுந்தது. கணக்கோ 1954-இலிருந்து தொடங்கிற்று. பிரிந்திருத்தல் குற்றமென்று யாரும் சொல்லாத காலத்தில் பிரிந்திருந்த ஆண்டுகள் பின்னோக்கி எண்ணப்பட்டன. ஓட்டப்பந்தயம் தொடங்கிவிட்டது என்பதே தெரியாமல் வீட்டில் இருந்தவளிடம், பந்தயம் முடிந்தது, நீ தோற்றாய் என்று சொன்னதை இது ஒக்கும்.

இரண்டாம் விதி ஆசிரியர்களுக்கு நன்கு விளங்கும். ஆறு வயது என்பது பள்ளியில் சேரும் பருவம். புது நாடு தன் பிள்ளைகளைத் தன் பள்ளியிலேயே, தன் மொழியும் தன் சூழலும் அறிந்தவராக வளர்க்க விரும்பியது. எட்டு வயதில் வேறு நாட்டிலிருந்து வந்து வகுப்பில் உட்காரும் குழந்தையை ஓர் இடையூறாக அரசாங்கம் கருதியிருத்தல் கூடும். எனினும் நடைமுறையில் நேர்ந்தது யாது? நான்கு வயதுத் தம்பி வரலாம். எட்டு வயது அக்காள் வரலாகாது. தாய் ஒரு பிள்ளையைக் கைப்பிடித்துக் கப்பலேறினால் மற்றொரு பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவர வேண்டும். அதற்கு மனம் ஒப்பாத தாய் வாராமலே இருந்துவிட்டால், அவளுடைய ஐந்தாண்டுக் கணக்கும் சேர்ந்து ஓடும்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை பெற்ற நாடு, வந்துபோகும் மக்களை அன்று, தங்கிவாழும் மக்களையே நாடியது. வேலை வாய்ப்பு குறைவாக இருந்தது. ஈட்டும் பணம் முழுவதும் வெளியே போவதை எந்த அரசும் விரும்பாது. ‘இங்கு வாழ்வதாயின் குடும்பத்தோடு வாழ்க, இன்றேல் திரும்புக’ என்பதே அச்சட்டத்தின் உட்குரல். அவ்வாறு உறுதியாகச் சொல்லும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு. ஆனால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளத் தக்க கூலியும் வீடும் அத்தொழிலாளிக்குக் கிடைத்தனவா என்பது வேறு கேள்வி. அதே ஆண்டுகளில்தான் ஐரோப்பியர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் லயமும் ஒருங்கே இழந்த தொழிலாளர் பலர். நாளை எங்கே படுப்போம் என்று அறியாதவன் மனைவியை எந்த முகவரிக்கு அழைப்பான்?

இன்னொரு தீமையும் இதில் ஒளிந்திருந்தது. இக்கரையில் மற்றொரு குடும்பம் தேடிக்கொண்ட ஆடவன் ஊரிலிருந்த மனைவியை அழைக்காமலே ஐந்தாண்டைக் கடத்திவிட்டால் போதும். மற்றதைச் சட்டமே முடித்து வைத்துவிடும். நல்லவனுக்குச் சுமையாகவும் பொறுப்பற்றவனுக்குத் துணையாகவும் அமைந்த விதி அது.

தாய்வீட்டுப் பிரசவம்

தமிழ்க் குடும்பத்தின் இனிய வழக்கமொன்றும் இக்கணக்கில் சிக்கியது. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுதல் நெடுங்கால மரபு. மலாயாவில் மணவாழ்வு நடத்திய பெண் ஏழாம் மாதத்தில் கப்பலேறி ஊருக்குச் செல்வதும், பிள்ளைக்கு ஓரிரு வயதானபின் திரும்புவதும் உண்டு.

விடுதலை நாள் முதல் 1962-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் நடைமுறைக்கு வரும் வரை, கூட்டரசு மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே குடியுரிமை பெற்றது. அதன் பின்னர்ப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டுமென்று விதி மாறியது. ஆக, 1960-இல் தைப்பிங் மருத்துவமனையில் பிறந்த குழந்தை குடிமகன். அதே பெற்றோருக்கு அதே ஆண்டில் புதுக்கோட்டைப் பாட்டி வீட்டில் பிறந்த குழந்தைக்கு அவ்வழி இல்லை. அங்கே தந்தையின் நிலையைப் பொறுத்தே எல்லாம் அமைந்தது. தந்தை இந்நாட்டில் பிறந்த குடிமகனாயின் பிள்ளைக்கும் குடியுரிமை உண்டு. தந்தை வெளியே பிறந்து பதிவினால் குடியுரிமை பெற்றவனாயின், பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் உரிய அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். தந்தை குடிமகனே அல்லாத நிரந்தரவாசியாயின் அவ்வழியும் இல்லை. பாட்டியின் கைமருந்தை நாடிச் சென்ற ஒரு பயணம், பிள்ளையின் தாயகத்தையே மாற்றிவிடும் வல்லமை பெற்றது.

பெரியவர்களின் குடியுரிமைக்கும் இதே அளவுகோல் இருந்தது. விடுதலை நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் விண்ணப்பத்துக்கு முந்திய ஏழாண்டில் ஐந்தாண்டும், வெளியே பிறந்து விடுதலை நாளில் இங்கு வாழ்ந்தவர் பன்னிரண்டு ஆண்டில் எட்டாண்டும் இங்கே வாழ்ந்திருத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பயணம் இங்கு வாழ்ந்ததாகவே கொள்ளப்பட்டது. அதனின் நீண்டது சிக்கலை எழுப்பியது. தாயின் நோய்க்கும் தந்தையின் ஈமக்கடனுக்கும் சென்று ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்கள், அந்த மாதங்களுக்குப் பின்னாளில் கணக்குச் சொல்ல நேர்ந்தது.

சிவப்பு அட்டையின் பாடம்

இக்கணக்குகளைப் பொருட்படுத்தாமல் விட்டவர்கள் விலை கொடுத்தது 1969-ஆம் ஆண்டில். 1968-இல் இயற்றிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதி பெற வேண்டுமென்ற நிலை வந்தது. நீல அடையாள அட்டை குடிமகனுக்கு. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. சிவப்பு அட்டையோடு காலங்கழித்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினர். சிங்கப்பூரிலும் பிரிட்டிஷ் படைகள் விலகிய காலத்தில், கடற்படைத் தளத்தில் உழைத்த தமிழரும் மலையாளிகளும் பலர் தாயகம் திரும்பினர். அவர்களுள் குடும்பம் ஊரிலேயே இருந்தவர் பலர்.

இங்கே ஓர் உண்மை புலனாகும். மனைவி மக்களோடு இங்கு வாழ்ந்தவனுக்குக் குடியுரிமை ஒரு தேவையாயிற்று. பிள்ளை பள்ளிக்குச் செல்லும்போதே அத்தேவை கதவைத் தட்டிவிடும். மனைவியை ஊரில் வைத்திருந்தவனுக்கோ அது நாளைக்குப் பார்த்துக்கொள்ளத்தக்க காரியமாகவே பட்டது. அவன் நெஞ்சம் அக்கரையில் இருந்தது. ஆகவே மனைவியின் சீட்டைப் புதுப்பிக்காமல் விட்ட குடும்பம், காலப்போக்கில் கணவனின் நிலையையும் இழந்தது. எவளுடைய பெயர் அவன் தாளில் ஒரு வரியாக மட்டும் இருந்ததோ, அவள் வருகையே அவன் தங்கிவாழ்தலுக்கு அடிப்படையாக இருந்தது.

எண்களும் இதையே கூறுகின்றன. 1957-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் கூட்டரசின் இந்தியர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர். பெண்களின் விகிதம் முன்னினும் பெரிதும் உயர்ந்திருந்தது. இந்தியருள் பாதிக்கும் மேற்பட்டோர் இம்மண்ணிலேயே பிறந்தவர். பெண் தொகை உயர உயர, இங்கு பிறந்தோர் தொகையும், தமிழ்ப்பள்ளியில் சேரும் பிள்ளைகளின் தொகையும் உயர்ந்தன. தோட்டம் தோறும் பள்ளி நிலைத்ததற்குச் சட்டமும் சங்கமும் காரணம் என்பர். கைக்குழந்தையோடு ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்து வந்த பெண்களும் அதற்குக் காரணம்.

மாறியதும் மாறாததும்

கப்பற்காலம் முடிந்தது. நாகப்பட்டினத்தில் இன்று யாரும் பெர்மிட்டை மடியில் முடிந்துகொண்டு நிற்பதில்லை. எனினும் சீட்டு மறையவில்லை. சிங்கப்பூரின் நிரந்தரவாசி நாட்டுக்கு வெளியே இருக்கும்போது, செல்லத்தக்க மறுநுழைவுச் சீட்டு அவரிடம் இருந்தாக வேண்டும். அது தவறின் நிரந்தரவாசம் என்னும் நிலையே ஆட்டங்காணும். மலேசியக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண் நீண்டகால வருகை அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே வாழ்கிறாள். அரசமைப்பின் 15-ஆம் விதியின்படி குடியுரிமை கோரும் மனைவி, விண்ணப்பத்துக்கு முந்திய ஈராண்டு முழுவதும் இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். குடிமகளை மணந்த வெளிநாட்டு ஆடவனுக்கு அவ்விதி வழிவிடவில்லை.

தாயின் பக்கத்திலிருந்து ஒரு மாற்றம் வந்துள்ளது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகவே குடியுரிமை செல்லும் என்பது விடுதலை நாள் தொட்டு இருந்த முறை. 2024 அக்டோபர் 17-ஆம் நாள் மலேசிய மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், தாயும் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தரலாம் என்று வகுத்தது. மனைவியை ஒரு வரியாகக் கண்ட கண், தாயை ஒரு குடிமகளாகக் காண அறுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

பழைய இரும்புப் பெட்டிகளில் அப்பாவின் கடப்பிதழும், நான்காய் மடித்த சீட்டும் இன்னும் சில வீடுகளில் இருக்கும். அவற்றை எறிந்துவிடாமல் மாணவர்க்குக் காட்டுதல் தமிழாசிரியர் செய்யத்தக்க பணி. தங்கள் பாட்டி எந்த ஆண்டில் கப்பலேறினாள், எத்தனை பிள்ளைகளோடு வந்தாள், யாரை விட்டு வந்தாள் என்று ஒவ்வொரு மாணவனும் கேட்டு எழுதினால், ஏட்டில் இல்லாத வரலாறு ஏட்டில் ஏறும். பாட்டி 1959-க்கு முன் வந்தாளா பின் வந்தாளா என்னும் ஒரு விடையிலேயே, அம்மாணவன் இவ்வகுப்பில் அமர்ந்திருப்பதன் காரணமும் அடங்கியிருக்கலாம்.